தையல் மெஷின் சின்னம்

என் வீட்டுக்காரர் மூன்று தேர்தல்களில் நின்றார். முதல் தேர்தலில் தோற்றார். இரண்டாவதில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். மூன்றாவதில் கட்சி சீட்டு கொடுக்கவில்லை என்று சுயேச்சையாக நின்று டெபாசிட்டை இழந்தார். யார் தேடிப் பார்த்தாலும் அவரைப் பற்றிக் கிடைக்கிற விவரம் இவ்வளவுதான். இதில் பிழை ஒன்றும் இல்லை. நான் டீச்சராக இருந்தவள், பிழை இருந்தால் முதலில் என் கண்ணில்தான் பட்டிருக்கும். ஆனாலும் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. மூன்று வரியில் அடங்குகிற ஆளா அவர்? அந்த மூன்றாவது தேர்தலைப் பற்றி யாராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான புதிதில் அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னர். தொழிற்சங்கத்தில் முக்கியமான ஆள். கம்பெனி வாசலில் மைக் இல்லாமல் பேச ஆரம்பித்தால் பக்கத்துக் கம்பெனி ஆட்களும் டீ கிளாஸோடு வந்து நின்று கேட்பார்கள். ஒரு ஸ்டிரைக்கில் அவருக்கு வேலை போயிற்று, கட்சி கூப்பிட்டது, போனார். நான் அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. "தொகுதிதாம்மா நம்ம புள்ள" என்று ஒருநாள் மேடைப் பேச்சு போலச் சொல்லிவிட்டு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்குத் தொகுதி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். அவர் கேட்டது சட்டசபை.

மேனாம்பேட்டுக்கு அந்தப் பக்கம், ஏரி வாய்க்காலை ஒட்டி ஒரு காலனி இருந்தது. அங்கிருந்த பெண்கள் ஒரு காலத்தில் அந்த ஏரித் தண்ணீரில் விளைந்த வயல்களில் நாற்று நட்டவர்கள். வயல்களெல்லாம் ஷெட்டுகள் ஆனபிறகு, அதே மண்ணில் நின்ற கம்பெனிகளுக்குப் பெருக்கவும் துடைக்கவும் போனார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி ஒரு அம்மாள். காலனியே அவளைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். குட்டையான உருவம், தொண்டை மட்டும் பெரிசு. வாய்க்காலின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருப்பவர்களோடு சண்டை போடக்கூடியவள்.

முதல் தேர்தலில் அவர் மிகக் கொஞ்சத்தில் தோற்றார். காலனி ஓட்டெல்லாம் தனக்குத்தான் என்று மலைபோல் நம்பியிருந்தவர். அது எங்கே போனது என்று தெரியாமல் குழம்பிப்போய் நேரே பெரிம்மாவிடமே போய்க் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

"உனுக்கும் குத்துனேன் நைனா" என்றாள் பெரிம்மா.

"உனக்கும்னா?"

"அல்லாரும் ஊட்டாண்ட வந்து கையெடுத்துக் கும்புட்டு கேட்டாங்க. ஒருத்தனுக்குக் குத்திட்டு இன்னொருத்தன உட்டா பாவமில்ல? அத்தொட்டு ஆளுக்கு ஒண்ணு குத்திட்டேன். எங்க ஆளுங்க அல்லாருக்கும் அப்டித்தான் சொல்லிக் குடுத்தேன்."

எல்லாச் சின்னத்திலும் குத்திய சீட்டு செல்லாத ஓட்டு. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த தேர்தலுக்குள் அவர் காலனியில் ஒரு பள்ளிக்கூடமே நடத்திவிட்டார். இப்போது மாதிரி பட்டன் அமுக்குகிற மெஷின் அப்போது கிடையாது. காகிதத்தில் வரிசையாகப் பெயர்களும் பக்கத்தில் சின்னங்களும் அச்சடித்திருக்கும், அதில் ரப்பர் முத்திரையை மையில் தொட்டுக் குத்தி, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். அந்தப் பெண்களில் பலருக்கு எழுத்து தெரியாது. அதனால் பெரிய காக்கிக் காகிதத்தில் ஓட்டுச்சீட்டு மாதிரி வரைந்துகொண்டு போவார். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு அவர்கள் கையில் கொடுப்பார். எங்கள் வீட்டுக் குழம்புக்கு வாங்கிய வெண்டைக்காய் எல்லாம் அப்படித்தான் போயிற்று. ஒவ்வொருத்தியாகக் குத்திக் காட்ட வேண்டும். கோடு தாண்டினால் மறுபடி குத்த வேண்டும். "பேரப் பாக்காதீங்க, அது ஒங்களுக்குத் தெரியாது. ஆளப் பாக்காதீங்க, பூத்துக்குள்ள ஆளு இருக்க மாட்டான். சின்னத்தப் பாருங்க. சின்னந்தான் நானு" என்பார். கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் கை அங்கேதான் போக வேண்டும் என்று உருப்போட வைத்தார். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வாய்ப்பாடுகூட அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

எந்தச் சின்னம் என்று நான் எழுதப் போவதில்லை. இன்றைக்கும் அது எங்கள் தெருச் சுவரில் இருக்கிறது. எனக்கு அதன்மேல் கோபம் தீரவில்லை.

அந்தத் தேர்தலில் ஜெயித்தார். காலனி ஓட்டில்தான் ஜெயித்தார் என்று அவரே ஊரெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வாசல் கதவைச் சாத்த வழியில்லாமல் போயிற்று. விடிந்தால் முன்னறையில் ஆட்கள். ரேஷன் அட்டை, சாக்கடை, மருமகன் அடித்துவிட்டான், போலீஸ் பிடித்துப் போய்விட்டது, எல்லாம் என் வீட்டுக்குள்தான் வந்து உட்கார்ந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வந்தேன். ஞாயிறு சாப்பாடு, கேட்கவே வேண்டாம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். திரும்பி வரும்போது சோறு விறைத்திருக்கும். அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று சொல்லிப் பழகுவார். சோப்பு நுரையோடு அந்த வாய் "மாண்புமிகு" சொல்லும் அழகு இருக்கிறதே! சமையலறையிலிருந்து நான் "உறுப்பினர் உட்காரலாம்" என்று குரல் கொடுப்பேன். ஒரே ஒரு தடவை கோட்டைக்குப் போய் மாடியில் பார்வையாளர்களோடு உட்கார்ந்து அவர் பேசியதைக் கேட்டேன். காலனிப் பக்கம் வாய்க்கால் உடைந்து வீடுகளில் தண்ணீர் புகுவதைப் பற்றிச் சின்னதாக ஒரு கேள்வி. எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், என்னைத் தேடி மேலே பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாக் கோபமும் போய், அந்த ஆள் என் புருஷன் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை.

அடுத்த தேர்தல் வந்தபோது கட்சி அவரை விட்டுவிட்டு வானகரம் பக்கம் லாரி ஷெட் வைத்திருந்த ஒருவருக்குச் சீட்டு கொடுத்தது. காரணம் என்ன என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் முன்னறையில் வழக்கமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பாதி மறுநாளே வானகரத்தில் போய் உட்கார்ந்தது. மீதி இருந்தவர்கள், பெரும்பாலும் காலனி இளைஞர்கள், "நீ சுயேச்சையா நில்லு அண்ணாத்தே, இன்னா ஆவுதுன்னு பாத்துடலாம்" என்று அவரை உசுப்பேற்றினார்கள். உசுப்பேற்ற வேண்டிய அவசியமே இல்லை, அவருக்குள் அது ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. தூக்கத்தில்கூடப் பேரவைத் தலைவரை விளித்தார். திரும்ப ஒரு தடவை அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் அவரை உருக்கியது. எனக்கோ, போதும், என் ஆள் எனக்குத் திரும்பக் கிடைக்கட்டும் என்ற ஏக்கம்.

"தோத்துட்டா?" என்று கேட்டேன்.

"தோத்தா இதான் கடைசி. அப்புறம் ஒன் கூடத்தான்."

"மாதா சத்தியமா?"

"மாதா சத்தியமா."

இந்தப் பேச்சோடுதான் நான் என் தையல் மெஷினைக் கொடுத்தேன். சுயேச்சைகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, தேர்தல் அதிகாரி வைத்திருக்கும் சின்னங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இவருக்குத் தையல் மெஷின் கிடைத்தது. என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த மெஷினை டெம்போவில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, சாமந்திப்பூ மாலை போட்டு, தொகுதி முழுக்க ஊர்வலம் விட்டார்கள். அந்த நாட்களில் தெருவில் என் மெஷினைப் பார்த்தால் எனக்கு அம்மாவையே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவது மாதிரி இருக்கும்.

காலனிக்கு டெம்போ போன அன்று நானும் போனேன். பெண்கள் மெஷினைச் சுற்றிக்கொண்டார்கள். பெரிம்மா சக்கரத்தைத் தள்ளிப் பார்த்து, "நல்லா சுத்துது" என்றாள். அவர் வண்டியின் மேலே நின்று மைக்கில், "தையல் மெஷின மறந்துடாதீங்க தாய்மாருங்களே!" என்றார்.

"நாங்க மறக்க மாட்டோம்பா, நீ மறந்துடாத!" என்று பெரிம்மா கீழேயிருந்து கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் அந்தப் பதில் வித்தியாசமாகப் படவில்லை. வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

லாரி ஷெட்காரர் ஜெயித்தார். மற்ற இடங்களில் இவருக்கு ஓட்டு குறையும் என்பது தெரிந்ததுதான். ஆனால் காலனிப் பெட்டியில்கூடத் தங்கள் ஓட்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த பையன்கள் வந்து சொன்னபோது அவர் நம்பவில்லை. வெடிச்சத்தம் எஸ்டேட் ரோட்டிலிருந்து எங்கள் தெரு வரை வந்து தாண்டிப் போயிற்று. அவர் கூடத்தில் நின்று, ஜன்னல் வழியாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். டெபாசிட் போனதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தோம். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கறிக்குழம்பும் ரசமும் வைத்திருந்தேன். எதிரில் உட்கார்ந்தார். அந்தச் சாப்பாட்டுக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே சோறு இறங்கவில்லை. ஏதாவது பேசிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். கதவைத் தட்டினார்கள்.

பெரிம்மாவும் காலனிப் பெண்களும். கையில் மாலை, தட்டில் சர்க்கரை.

"கதவ சாத்திகினு இன்னா பண்றே எம்மெல்லே? ஜெயிச்சிட்டு ஊட்டுக்குள்ள ஒளிஞ்சிகினு கீறியா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கழுத்தில் மாலையைப் போட்டாள் பெரிம்மா. அவர் சோற்றுக் கையோடு நின்றார்.

"யாரு ஜெயிச்சது?" என்றேன் நான்.

"இன்னா டீச்சரு இப்டி கேக்கற? நம்ம சின்னந்தான ஜெயிச்சுது? வெடி வெச்சாங்களே, கேக்கலியா? நாங்க ஒருத்தி பாக்கி இல்லாம கண்ண மூடிகினு குத்தினோம், அவரு சொல்லிக் குடுத்தா மாதிரியே. கோடு தாண்டல." பிறகு அவர் பக்கம் திரும்பி, "சரி, மெஷின் எப்ப குடுக்கப் போற? வண்டி மேல நின்னு சொன்னியே!" என்றாள்.

எனக்குப் புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. பழைய சின்னத்தில் குத்தியிருக்கிறார்கள். அந்தச் சின்னம்தான் அவர் என்று அவரே அல்லவா வெண்டைக்காய் வெட்டி வெட்டிச் சொல்லிக் கொடுத்தார்! தையல் மெஷின் சின்னம் என்றால் அவர்களுக்குச் சர்க்கார் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற தையல் மெஷின். எம்.எல்.ஏ. அதை வாங்கித் தருவதாக வண்டியில் ஏறி வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர்கள் அவரைக் கைவிடவில்லை. ஒரு ஓட்டும் சிதறாமல் லாரி ஷெட்காரரை ஜெயிக்க வைத்துவிட்டு, இவருக்கு மாலையோடு வந்திருக்கிறார்கள்.

நான் சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"வாங்கித் தர்றேன் பெரிம்மா. கொஞ்சம் நாள் ஆகும்" என்றார்.

அவர்கள் போனபிறகு எங்களுக்குள் நடந்த சண்டை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும். "தோத்தா இதான் கடைசின்னு மாதாமேல சத்தியம் பண்ணீங்க" என்று நான் கத்தினேன். "நான் எங்க தோத்தேன்? இப்பத்தான சொல்லிட்டுப் போறாங்க, நீயே கேட்டியே!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் குரல் உடைந்துவிட்டது. "அத்தன பேரும் எனக்குத்தாம்மா போட்டிருக்காங்க. ஒருத்திகூட என்னை உடல" என்று சொல்லிச் சாப்பிட்ட கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். "அவங்ககிட்ட சொல்லிடாத. நான் ஒன்ன வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் கையைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதிலிருந்து அவர் எம்.எல்.ஏ. வேலை பார்த்தார். நிஜ எம்.எல்.ஏ.வாக இருந்தபோதுகூட இவ்வளவு அலைந்ததில்லை. காலனிப் பெண்கள் மனு கொண்டுவருவார்கள், வாங்கி வைத்துக்கொள்வார். ஜீப் கிடையாது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார். ஒருகாலத்தில் அவரைக் கண்டதும் எழுந்து நின்ற குமாஸ்தாக்கள் "மாஜி வந்துட்டாருய்யா" என்று முணுமுணுத்துவிட்டு ஃபைலைப் பார்ப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார். அங்கே வேலை ஆகவில்லை என்றால் வானகரத்துக்குப் போய் லாரி ஷெட்காரர் வாசலிலேயே நிற்பார். என்ன மானங்கெட்ட பிழைப்பு என்று நான் கேட்டால், "என் ஓட்டுல ஜெயிச்சவன்தான, செய்யட்டும்" என்பார். காலனி இளைஞர்களுக்கு விஷயம் தெரியும். அவர்களும் தங்கள் அம்மாமார்களிடம் மூச்சு விடவில்லை.

ஒரு மழைக்காலத்தில் நனைந்துகொண்டே அலைந்து ஜுரத்தில் படுத்துவிட்டார். உடம்பு அனலாகக் கொதித்தது. ஜுர வேகத்திலும் மெஷினைப் பற்றியே பேசினார். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனேன். ஒரே ஒரு வாக்கியம், அதைச் சொல்லிவிட்டால் போதும், என் புருஷன் வீட்டில் இருப்பார். பெரிம்மா வேலை பார்த்த கம்பெனி வாசலில் நின்றேன். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தாள்.

"இன்னா டீச்சரு, மழையில வந்துகினு?"

"பெரிம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க ஓட்டு போட்டீங்களே..."

"ஆமா, போட்டோம். அத வெச்சுத்தான் இங்க நான் பொழச்சிகினு கீறேன்" என்று அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். "சூப்பர்வைசரு இன்னிக்குக் கூட வாடி போடின்னான். நான் சொன்னேன், தோ பாரு, நாங்க குத்தின ஓட்டுலதான் ஒரு மனுசன் கோட்டையில குந்திகினு கீறாரு, மருவாதியா பேசுன்னேன். கம்முனு பூட்டான்." சொல்லும்போது அந்தக் குட்டை உருவம் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. "நீ இன்னா சொல்ல வந்தே?"

"அவருக்கு ஜுரம்" என்றேன்.

"அய்ய, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா!" என்று என் குடைக்குள் புகுந்துகொண்டு கூடவே வீட்டுக்கு வந்தாள். வழியில் கடையில் சுக்கு வாங்கினாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. கூடவே, அவளை விட்டால் அவர் படும் பாட்டைப் பகிர்ந்துகொள்ள எனக்கு வேறு யாரும் இல்லை என்றும் தெரிந்தது.

மெஷின்கள் கடைசியில் வந்தேவிட்டன. காலனி பால்வாடி வாசலில் பந்தல் போட்டு வழங்கும் விழா. வழங்க லாரி ஷெட்காரர்தான் வர வேண்டும், அவர்தானே எம்.எல்.ஏ. இவருக்கு அழைப்பு இல்லை. ஆனாலும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போய்க் கூட்டத்தின் ஓரமாக நின்றார், பக்கத்தில் நான். இன்றைக்கு எல்லாம் வெளியே வந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், வந்தால் வரட்டும் என்றும் இருந்தது.

கார் வந்தது. லாரி ஷெட்காரர் இறங்கினார். மாலையோடு நின்ற பெரிம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நேரே கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்களிடம் வந்தாள்.

"யாரு நைனா இந்தாளு?"

காலனி இளைஞர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நம்ம சின்னத்து ஆளுதான் பெரிம்மா. பெரிய மனுசன். அவருக்குப் போடு" என்றார் இவர்.

"உனுக்குப் போடாம அவருக்கு எப்டிப் போடறது?" என்று சொல்லி மாலையை இவர் கழுத்தில் போட்டுவிட்டாள். பிறகு காலி கையோடு போய் லாரி ஷெட்காரரைக் கும்பிட்டு, "நீயும் குந்து நைனா, டீ குடிச்சிட்டுப் போ" என்றாள். அவருக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் பெண்கள் கூட்டத்தில் என்ன செய்ய முடியும்? மெஷின்களைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே போய்விட்டார். என் வீட்டுக்காரர் மாலையைக் கழற்றாமலே என்னோடு நடந்து வந்தார். அவ்வளவு அழகான முகத்தை நான் எங்கள் கல்யாண நாளில்கூடப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் என் கையால் அவருக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டேன், கதவு திறந்துதான் இருந்தது.

அந்த ஆட்சிக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். காலனிக்குத் தனியாக ஒரு ரேஷன் கடை கேட்டுப் பூந்தமல்லியில் ஓர் அலுவலக வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், மத்தியானம் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறார் என்று நினைத்து, மனு பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாராம். அந்த முகம் தெரியாதவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கண் நிறைந்துவிடுகிறது.

காலனியே வந்தது. மேளத்தோடு வந்தார்கள். எங்கள் வகையில் வழக்கமில்லை என்று என் அண்ணன் முகம் சுளித்தார், சாமியார் வேறு ஜெபத்துக்கு நின்றுகொண்டிருந்தார். அடிக்கட்டும் என்றேன். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு "எங்கள உட்டுட்டுப் பூட்டியே எம்மெல்லே" என்று அழுதார்கள். சட்டசபையில் அன்றைக்கு அவர் உறுப்பினர் இல்லை. ஆனால் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு அதற்குமேல் யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

அடக்கம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனபிறகு, ஒரு மத்தியானம் பெரிம்மா தனியாக வந்தாள். கூடத்தில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, என் முழங்காலில் கை வைத்தாள்.

"டீச்சரு, எம்மெல்லே செத்துப் பூட்டா மறுக்கா எலெக்‌ஷன் வெப்பாங்களாமே. எப்ப வெக்கறாங்க? நீ நில்லு. நாங்க கீறோம். அதே சின்னத்துல குத்திப்புடறோம்."

சொல்லிவிடாதே என்று மணிக்கட்டைப் பிடிக்க இப்போது யாரும் இல்லை. இத்தனை வருஷம் நாக்கில் வைத்திருந்த வாக்கியம் நாக்கிலேயே இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க அவர் இல்லாமல் இருந்தார்.

"எலெக்‌ஷன் வைக்க மாட்டாங்க பெரிம்மா" என்றேன். "அவர் இடத்துல இனிமே வேற யாரும் வேணாம்னு அப்படியே விட்டுட்டாங்க."

பெரிம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"அதான் நாயம்" என்றாள்.